தாக்காக் காய்நிலை

சதுரங்கப் பலகையில் எந்தக் காயும் மற்றொன்றின் தாக்குதலுக்கு உட்படாதவாறு ஒரே வகைக் காய்களை நிறுத்துவதை ஆராயும் கணிதப் பொருள். சேர்வியலும் கோட்டுருவியலும் இதைக் கையாளுகின்றன. 8×8 பலகையில் இவ்வாறு நிறுத்தக்கூடிய பெரும எண்ணிக்கை: அரசி 8, கோட்டை 8, மந்திரி 14, அரசன் 16, குதிரை 32. எட்டுக் கோட்டைகளுக்கு 40,320 அமைவுகள் உண்டு. பெரிதும் அறியப்பட்ட எட்டு அரசிகள் சிக்கலை மாக்ஸ் பெசல் 1848இல் முன்வைத்தார். அதன் தீர்வுகள் 92. சுழற்சியும் பிரதிபலிப்பும் நீக்கினால் 12.

குதிரைக்கான வரம்பை விளக்கத் தமிழகச் சான்று ஒன்று பொருத்தமானது. வேதாந்த தேசிகர் (1268–1369) திருவரங்கநாதரின் பாதுகைகளைப் போற்றி வடமொழியில் 1,008 சுலோகங்களாக இயற்றிய பாதுகா சகசிரத்தின் சித்திர பத்ததியில், அடுத்தடுத்த இரு சுலோகங்கள் சதுரங்க துரகபந்தமாக அமைந்தவை. முதற் சுலோகத்தின் 32 எழுத்துகளை 4×8 கட்டங்களில் எழுதி, இடது மேல்மூலையிலிருந்து குதிரை நடையில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை மட்டும் தொட்டு வாசித்தால் இரண்டாம் சுலோகம் கிடைக்கும். இப்பாதையை வரிசைப்படி இரண்டிரண்டு கட்டங்களாகப் பிரித்தால் 16 இணைகள். ஓரிணையின் இரு கட்டங்களிலும் குதிரை நின்றால் அவை ஒன்றையொன்று தாக்கும். எனவே அப்பலகையில் 16க்கு மேல் நிறுத்த இயலாது. ஒரே நிறக் கட்டங்களை நிரப்பினால் அந்த 16 கிடைத்துவிடும். தேசிகர் நாடியது சொல்லணியே; இக்கணக்கு பிற்காலத்தது.

இதே அளவுப் பலகையில் குதிரைப் பாதை, காஷ்மீரத்து உருத்திரடரின் காவியாலங்காரத்தில் 9ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. நான்கு வரிசைப் பலகை எதிலும் தொடங்கிய கட்டத்துக்கே திரும்பும் முழுச் சுற்று இல்லை.