யாருடைய வசதிக்கான எழுத்து?

பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளிக்குத் தொண்டு செய்யப் போகிற கல்லூரி மாணவர்கள் முதல் நாள் திகைத்து நிற்பது பெரும்பாலும் புத்தக அலமாரிக்கு முன்னால்தான். பாடம் வாசித்துக் காட்டலாம், தேர்வில் சொல்லச் சொல்ல எழுதித் தரலாம் என்று வந்திருப்பார்கள். ஆனால் அங்கே இருக்கும் புத்தகத்தில் ஒரு வரி கூட அவர்களுக்குப் படிக்க வராது. தடித்த தாள், அதில் மேடு மேடாகப் புள்ளிகள், மை என்பதே கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை ஓட்டிக் கடகடவென்று படிக்கும். பி.காம். படிக்கிறவர் முழிப்பார்!

வேடிக்கையாகத் தெரியும் இந்த விஷயத்துக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கண் உள்ளவர்களால் படிக்க முடியாது என்பதைக் காரணம் காட்டி இந்தப் புள்ளி எழுத்தை ஒரு பள்ளி ஒதுக்கி வைத்தது. அதுவும் எந்தப் பள்ளி? அது பிறந்த அதே பள்ளி.

1771-ல் பாரிஸ் சந்தை ஒன்றில் பார்வையற்ற சிலருக்குக் கோமாளி வேஷம் போட்டு, வெறும் மூக்குக்கண்ணாடி மாட்டி, இசைத்தாளைப் பார்த்து வாசிப்பது போல நடிக்க வைத்தார்கள். கூட்டம் சிரித்தது. அதைப் பார்த்து மனம் நொந்தவர் வாலன்டைன் ஹாவி. 1784-ல் பிச்சை எடுத்துக் கொண்டிருந்த பிரான்சுவா லெசூர் என்ற பார்வையற்ற இளைஞனைத் தன் முதல் மாணவனாகச் சேர்த்துக் கொண்டார். படிக்க வந்தால் பிச்சை வருமானம் போய்விடுமே? அந்தத் தொகையை ஹாவியே கொடுத்தார். (வணிகவியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். இலவசக் கல்வி தருகிற பலரும் இந்தக் கணக்கைப் போட மறந்து விடுகிறார்கள்.) இப்படித்தான் பார்வையற்றோருக்கான அந்தப் பாரிஸ் பள்ளி தொடங்கியது.

ஹாவியின் புத்தகங்களில் சாதாரண ரோமன் எழுத்துக்களே மேடாக அச்சடிக்கப்பட்டிருந்தன. நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அந்த எழுத்து கண்ணுக்காகப் பிறந்தது. ஒவ்வொரு எழுத்தையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவினால்தான் அது ஓ-வா சி-யா என்று தெரியும். வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்து போகும். புத்தகமோ கனமான கனம். எல்லாவற்றையும் விட மோசம், அதை வைத்துப் பிள்ளைகளால் சொந்தமாக ஒரு கடிதம் கூட எழுத முடியாது.

1819-ல் பத்து வயதில் அங்கே சேர்ந்தவர் லூயி பிரெய்ல். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் கூரான கருவி ஒன்று கண்ணில் குத்தி, புண் சீழ் பிடித்து, மற்றக் கண்ணுக்கும் பரவிப் பார்வை முழுதும் போனது. 1821 வாக்கில் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து முறை பள்ளிக்கு வந்தது. ஒரு கட்டத்தில் பன்னிரண்டு புள்ளிகள், ஒரு விரல் நுனிக்கு அடங்காது. சொற்களின் எழுத்துக்கூட்டலும் அதில் இல்லை, ஒலி மட்டும்தான். பிரெய்ல் அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். விரலை நகர்த்தாமலே ஒரு எழுத்தை முழுதாகத் தொட்டுவிடலாம். ஆறே புள்ளியில் அறுபத்து மூன்று வடிவங்கள் கிடைக்கும். 1824-ல் முறை ஓரளவு முழுமை அடைந்தபோது அவருக்குப் பதினைந்து வயது! 1829-ல் இதை விளக்கி ஒரு புத்தகம் வந்தது. அந்தப் புத்தகம் அச்சானதும் மேடான ரோமன் எழுத்தில்தான்.

பிள்ளைகள் பிடித்துக் கொண்டார்கள். குறிப்பு எடுத்தார்கள், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். சிக்கல் 1840-ல் வந்தது. ஆதரவாக இருந்த இயக்குநர் பினியே போய், துஃபோ பொறுப்புக்கு வந்தார். பார்வையற்றோருக்குத் தனி எழுத்து என்றால் அவர்கள் சமூகத்திலிருந்து பிரிந்து போவார்கள் என்பது அவர் கட்சி. கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தில் பாடம் நடத்துபவரின் வசதி ஒளிந்திருக்கிறது, படிக்கிற பிள்ளையின் விரல் இல்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரகசியமாகப் புள்ளியிலேயே எழுதினார்கள். துஃபோவின் உதவியாளர் குவாதே இதைக் கவனித்து மேலதிகாரியின் மனதை மாற்றினார். 1844-ல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பிரெய்ல் முறை எல்லோர் முன்னிலையிலும் விளக்கிக் காட்டப்பட்டது. பள்ளி அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1854-ல். பிரெய்ல் 1852-லேயே காசநோயில் இறந்து விட்டார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பாஸ்டனில் சாமுவேல் ஹோவ் ரோமன் எழுத்தையே கொஞ்சம் கோணலாக்கிப் பயன்படுத்தினார். பிறகு நியூயார்க் புள்ளி, அமெரிக்கன் பிரெய்ல் என்று ஆளுக்கொரு முறை. ஆங்கிலத்துக்குப் பொதுவான ஒரு பிரெய்ல் 1932-ல்தான் அமைந்தது.

இந்தியாவில் முதல் பள்ளி 1887-ல் அமிர்தசரஸில் வந்தது. நம் பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கினார். அப்போதெல்லாம் மொழிக்கு மொழி, பள்ளிக்குப் பள்ளி வேறு வேறு புள்ளி முறைகள் இருந்தன. 1951-ல் பாரதி பிரெய்ல் வந்த பிறகுதான் தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் ஒரே புள்ளி வடிவம் ஆயின. இதிலும் கண்ணுக்கு இடம் கொடுக்கவில்லை. அச்சில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வரும். பிரெய்லில் முதலில் க, பிறகு எ, அதாவது காதில் விழும் வரிசை. மெய்யெழுத்தின் புள்ளியோ தலைக்கு மேலே இல்லாமல் எழுத்துக்கு முன்னால் வரும்.

இப்போது கணினியே வாசித்துக் காட்டுகிறதே, புள்ளி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மரமா மறமா, பனியா பணியா என்று காதால் மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளை எப்படி எழுதும்? விரலால் தொட்டுப் படித்த பிள்ளைக்குத் தெரியும்.

தொண்டு செய்யப் போகிற மாணவர்கள் இதைக் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், தாராளமாக முடியும். கண்ணாலேயே படிக்கலாம். தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகளின் நிழல் தெரியும். எழுதுவதில்தான் கொஞ்சம் திண்டாட்டம். சிலேட்டில் தாளைச் செருகிப் பின்பக்கமிருந்து ஊசியால் குத்துவதால், வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் மூன்றாம் வகுப்பில் கேட்கலாம், சொல்லித் தருவார்கள்.