பித்தளைக் குண்டும் களிமண்ணும்

பள்ளி அறிவியல் அறைகளில் பித்தளைக் குண்டும் வளையமும் கொண்ட எளிய கருவியொன்றைக் காணலாம். குளிர்ந்த நிலையில் வளையத்துள் நுழையும் குண்டு, சூடேற்றிய பின் நுழையாது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1717 முதல் பேராசிரியராய் விளங்கிய வில்லெம் ஸ்கிராவசாண்டே (1688–1742) என்பாரின் பெயரால் இக்கருவி வழங்குகிறது. நியூட்டனின் இயற்பியலைக் கருவிகள்வழி மாணாக்கர் கண்முன் நிறுத்திக் கற்பித்தவர் அவர்.

பித்தளை விரிவது மிகச் சொற்பம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் வெப்பநிலையை 100 பாகை செல்சியசு உயர்த்தினால், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் நீளும். கண்ணுக்கு எட்டாத அம்மாற்றத்தை ‘நுழையும், நுழையாது’ என்னும் இரண்டே விடைகளாக்கியதில்தான் ஆசிரியத் திறன் இருக்கிறது.

குண்டை விடுத்து வளையத்தைச் சூடேற்றினால் துளை என்னவாகும்? சுருங்கும் என்பர் பிள்ளைகள் பலர். பெற்றோரும் அவ்வாறே கூறக்கூடும். உண்மையில் துளையும் விரியும். சோதனைக்கு முன்னரே விடையை எழுதச் செய்தல் நலம்.

இதே பேராசிரியர் 1722இல் பித்தளைக் குண்டுகளை மென்களிமண்மீது விழச் செய்தார். வேகம் இருமடங்கானபோது பள்ளம் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. சூடான குண்டு ஆறியதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். களிமண்ணோ பள்ளத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். இவ்வேறுபாட்டை ஒரே பாடவேளையில் காட்டாமல் விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. பெருஞ்செலவும் இல்லை: கோலிக்குண்டை 25 செண்டிமீட்டர், 1 மீட்டர் உயரங்களிலிருந்து விழவிட்டுப் பள்ளங்களை அளக்கச் சொல்லலாம்.