உக்கிராணக்காரர் விட்டுச் சென்ற பள்ளி

வீடும் நிலமும் விட்டுச் செல்கிறவரைப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகள் சில வேளை நினைப்பார்கள். அதற்குப் பிறகு அவர் பெயர் பழைய பத்திரத்தில் மட்டும் இருக்கும். உலக வழக்கம் இதுதான். ஆனால் இரத்த உறவில்லாத பிள்ளைகளுக்கென்று ஒன்றை விட்டுச் சென்றவர்களின் கணக்கு வேறு. பினாங்கு ஜார்ஜ் டவுனில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஒரு பாதிரியாரின் வரலாறு இதற்குச் சான்று. அவர் பெயர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். அவர் விட்டுச் சென்றது பினாங்கு ஃபிரீ ஸ்கூல்.

கிறிஸ்தவ ஆலயங்களில் 'உக்கிராணத்துவம்' என்ற சொல்லை அடிக்கடி கேட்கலாம். பழைய பெரிய வீடுகளிலும் கோயில்களிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் வைக்கும் பண்டக அறைக்கு உக்கிராணம் என்று பெயர். அதன் சாவியை வைத்திருப்பவர் உக்கிராணக்காரர். சாவி அவருடையது, சரக்கு அவருடையதல்ல. எசமானுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். மனிதனின் பணம், அறிவு, ஆயுள் எல்லாம் இப்படி ஒப்படைக்கப்பட்டவையே என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த வேலைக்காரனின் உவமை சொல்வதும் இதையே. வைத்துக் காப்பது மட்டும் போதாது, அதைப் பயன்படச் செய்ய வேண்டும்.

லவ் லேனில் தொடங்கிய பள்ளி

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் காலடி வைத்த பிறகு, முப்பதே ஆண்டுகளில் அது பல மக்கள் கலந்து வாழும் துறைமுகமாகிவிட்டது. மலாய்க்காரர், சீனர், சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள், இந்துத் தமிழர், ஐரோப்பியர், யூரேசியர் என எல்லோரும் இருந்தார்கள். வியாபாரம் வளர்ந்தது. ஆனால் தகப்பனை இழந்த பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தெருவில் வளர்ந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராக 1814-இல் இங்கே வந்தவர் ஹட்சிங்ஸ். ஐரோப்பியருக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவது, திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் செய்வது ஆகியவையே அவருடைய வேலை. அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1816 தொடக்கத்தில் பள்ளிக்கூடம் ஒன்றுக்கான திட்டத்தை அவர் முன்வைத்தார். ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. ஊர் மக்களிடம் சந்தா திரட்டப்பட்டது. 1816 அக்டோபர் 21 அன்று லவ் லேனில் வாடகை இடத்தில் பள்ளி திறக்கப்பட்டது. 1821-இல் அது பர்குவார் சாலைக்கு இடம் மாறியது.

'ஃபிரீ' என்றதும் இலவசம் என்றே பலர் பொருள் கொள்கிறார்கள். அதைவிட விரிந்த பொருள் அதற்கு உண்டு. இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் திறந்த பள்ளி என்பதே அது. கிறிஸ்தவத்தில் விருப்பமில்லாத பெற்றோரின் மனம் எவ்வகையிலும் புண்படக் கூடாது என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. திட்டத்தை எழுதியவர் ஒரு பாதிரியார் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. தன் விசுவாசத்தால் உந்தப்பட்டுப் பள்ளி தொடங்கியவர், அந்த விசுவாசத்தை மாணவனுக்கு நுழைவுச் சீட்டாக வைக்கவில்லை.

இரண்டு பணிகள், இரண்டு முடிவுகள்

ஹட்சிங்ஸ் இன்னொரு பெரிய பணியும் செய்தார். டச்சுக்காரர் காலத்து மலாய் வேதாகமத்தில் இந்தப் பகுதி மக்களுக்குப் புரியாத சொற்கள் நிறைந்திருப்பதை அவர் கண்டார். மலாய் மொழியை ஆழ்ந்து கற்று, அதைத் திருத்தும் வேலையில் இறங்கினார். திருத்திய புதிய ஏற்பாடு 1817-இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சாகியது. பழைய ஏற்பாடு 1821-இல் வெளிவந்தது. தனி மனிதரின் உழைப்பு என்று பார்த்தால் பள்ளியைவிட இதுவே பெரியது.

ஆனால் அந்தத் திருத்தம் அதன் காலத்துக்கு உதவியது. மொழி மாறியது, அறிஞர்கள் வந்தார்கள், புதிய மொழிபெயர்ப்புகள் அதன் இடத்தைப் பிடித்தன. பள்ளியோ இன்றும் நிற்கிறது. காரணம் என்ன? வேதாகமத் திருத்தம் பெரும்பாலும் அவருடைய கைவேலை. பள்ளியை அவர் தொடக்கத்திலேயே பலர் கையில் கொடுத்துவிட்டார். குழு நிர்வகித்தது, ஊர் பணம் கொடுத்தது, ஆசிரியர்கள் நடத்தினார்கள். 1827 ஏப்ரல் 20 அன்று, ஐம்பது வயதைத் தொடாமலே ஹட்சிங்ஸ் பினாங்கில் காலமானார். பள்ளி மூடப்படவில்லை. அவரை நம்பி மட்டும் அது நடக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். பின்னாளில் அது அரசு நிர்வாகத்துக்கு மாறிய போதும் கதவு எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

யாருக்குப் பயன்பட்டது?

அந்தக் கதவு வழியே நுழைந்தவர்களைப் பாருங்கள். 1879-இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே இந்தப் பள்ளியில் படித்து, உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் சென்றார். 1910-11-இல் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, மெல்லிய துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை மருத்துவர்களை அணியச் செய்து நோயைக் கட்டுப்படுத்தியவர் அவர். கொரோனா காலத்தில் உலகமே அவரை நினைவுகூர்ந்தது. 1957-இல் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானும், மலாய்த் திரையுலகின் மேதை பி. ரம்லியும், பினாங்கு முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் யூவும் இதே பள்ளி மாணவர்கள். ஒரு பாதிரியார் விதைத்ததை ஒரு முஸ்லிம் பிரதமர் அறுவடை செய்தார் என்றால், அதைவிடச் சிறந்த உக்கிராணத்துவம் வேறு எது?

குறையையும் சொல்லத்தான் வேண்டும். திறந்திருக்கும் கதவு வேறு, எட்டிப் பிடிக்கக்கூடிய கதவு வேறு. கடலுக்கு அப்பால் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் உழைத்த தமிழர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு வெகு தூரத்தில் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. காலனி ஆட்சிக்குத் தேவையான எழுத்தர்களை இத்தகைய ஆங்கிலப் பள்ளிகள் உருவாக்கின என்பதும் உண்மை. ஒருவர் தொடங்கியதன் குறையை அடுத்து வருகிறவர்கள் நிரப்ப வேண்டும். தொடர்ந்து பொறுப்பேற்பது என்றால் அதுதான்.

கட்டடம் போனாலும்

1928-இல் பள்ளி கிரீன் லேனுக்கு மாறியது. பர்குவார் சாலையின் பழைய கட்டடத்தில் ஹட்சிங்ஸ் பெயரிலேயே ஒரு பள்ளி நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கட்டடத்தின் ஒரு பாதி குண்டுக்கு இரையானது. எஞ்சிய பாதி 1965-இல் பினாங்கு அருங்காட்சியகமாகியது. கட்டடம் அழிந்தது, பெயர் மாறியது, பொறுப்பு மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. 2016-இல் ஃபிரீ ஸ்கூல் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது.

இந்த எண்ணம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே வட்டாரத்தில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வக்பு நிலத்தில் நிற்கிறது. வக்பு என்றால் இறைவனுக்கென ஒதுக்கியது, பொறுப்பாளர் அதை விற்க முடியாது. 1833-இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலைப் போன்ற ஆலயங்களைப் பார்ப்பவரை நம் வழக்கில் தர்மகர்த்தா என்கிறோம். தர்மத்தை நடத்துகிறவர் என்று பொருள், சொத்துக்காரர் என்றல்ல.

நம் சங்கங்களும் ஆலயங்களும் அறவாரியங்களும் பல நேரங்களில் தொடங்கியவரோடு முடிந்துவிடுகின்றன. தலைவர் நாற்காலியை விடுவதில்லை, கணக்குப் புத்தகம் வெளியே வருவதில்லை, இளையவருக்கு இடம் கிடைப்பதில்லை. பிறகு சுவரில் மாட்டிய படம் மட்டும் மிஞ்சும். நிலைக்கும் பணியை விரும்புகிறவர் மூன்று கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம். இது என்னுடையதா, என்னிடம் கொடுக்கப்பட்டதா? என் இனத்தானும் மதத்தானும் அல்லாதவனுக்கும் இதில் பங்கு உண்டா? நாளை நான் இல்லாவிட்டால் இதை நடத்த ஆள் இருக்கிறதா?

ஹட்சிங்ஸின் கல்லறை பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில், பிரான்சிஸ் லைட் அடக்கம் செய்யப்பட்ட அதே இடத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் குறைவு. அதனால் குறையொன்றுமில்லை. சாவியை நல்ல கைகளில் கொடுத்துவிட்டுப் போன உக்கிராணக்காரர் அவர்.