ரோலெக்ஸில் டயலை மாற்றினால் அது இன்னும் ரோலெக்ஸா?

அதே கறுப்பு டயல், அதே வெள்ளி முட்கள். ஆசைப்பட்டு, காசு சேர்த்து ரோலெக்ஸ் வாங்கிய பிறகு, "என்னோடது மட்டும் கொஞ்சம் வித்தியாசமா இருக்கட்டுமே" என்று நினைப்போர் உண்டு. டயலும் முட்களும் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றித் தரவும் ஆட்கள் இருக்கின்றனர்.

மாற்றலாமா? உங்கள் கடிகாரம், உங்கள் விருப்பம். ஆனால் மாற்றிய பிறகு அதை யார் பழுதுபார்ப்பார், யார் வாங்குவார் என்பதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

எப்படி மாற்றுகிறார்கள்?

பார்க்கச் சின்ன வேலைதான். பின்மூடியைத் திறந்து, நேரம் வைக்கும் திருகைத் தண்டோடு கழற்றி, உள்ளே இருக்கும் இயந்திரத்தை வெளியே எடுப்பார்கள். முட்களை நெம்பித் தூக்கும்போது டயலில் கீறல் விழாமல் இருக்க, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைப்பது வழக்கம்.

டயலின் பின்புறம் குட்டிக் கால்கள் இருக்கும். புதிய டயலின் கால்கள் சரியான இடத்தில் இல்லாவிட்டால் அது இயந்திரத்தில் உட்காராது.

உண்மையான தலைவலி முட்களில்தான். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் துளை அளவு வேறு. சைக்கோவின் என்எச்35 இயந்திரத்துக்கு விநாடி முள்ளின் துளை 0.20 மில்லிமீட்டர், சுவிட்சர்லந்தின் ஈடிஏ 2824 இயந்திரத்துக்கு 0.25. முள் நழுவ அந்த 0.05 மில்லிமீட்டர் போதும்!

இன்னொன்று. தேதி காட்டும் கடிகாரம் என்றால், தேதி மாறும் கணம்வரை திருப்பிவிட்டுத்தான் முட்களை 12-இல் பொருத்த வேண்டும். தவறினால் உங்கள் கடிகாரத்தில் 12 மணிக்கு அல்லாமல் வேறு ஏதோ நேரத்தில் தேதி மாறும்.

வேலை முடிந்ததும் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பார்த்து, அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அது நடக்காமல் நீச்சல் குளத்தில் இறங்க வேண்டாம்.

தாத்தா காலத்துக் கடிகாரமா?

அப்படியானால் வீட்டில் நீங்களே திறக்காதீர்கள். 1960களுக்கு முந்திய பல கடிகாரங்களில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசினார்கள். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கலாம், கதிரியக்கம் நிற்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். உதிரும் தூள் மூச்சில் கலப்பதுதான் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜனவரியில் இரண்டு நாடுகளில் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் வழக்குத் தொடுத்தது ரோலெக்ஸ்.

சுவிட்சர்லந்தில் எதிர்த்தரப்பு, கடிகாரங்களை மாற்றியமைத்துத் தரும் ஆர்ட்டிசான்ஸ் டி ஜெனீவ். வாடிக்கையாளர் தம் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்து, தாமே அணிவதற்காக மாற்றித் தரச் சொன்னால் அது வர்த்தக முத்திரை மீறல் ஆகாது என்றது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம். மாற்றிய கடிகாரங்களை நிறுவனமே முத்திரையோடு சந்தையில் விற்பது வேறு கதை. அதற்கு ரோலெக்ஸின் சம்மதம் வேண்டும்.

அமெரிக்காவில் பெக்கர்டைம் நிறுவனம் பழைய ரோலெக்ஸ்களில் பிறர் தயாரித்த பாகங்களைப் பொருத்தி, ரோலெக்ஸ் என்றே விற்றது. அது மீறல்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆக, கோடு எங்கே விழுகிறது? நீங்கள் கட்டிக்கொள்வதற்கும் விற்பதற்கும் இடையில்.

சிங்கப்பூரில் போலி முத்திரையுள்ள பொருள்களை விற்றால் 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ரோலெக்ஸ் தயாரிக்காத டயலில் 'ரோலெக்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் அது போலிதான். "உள்ளே இருக்கிற இயந்திரம் ஒரிஜினல்தானே" என்பது அந்த டயலை ஒரிஜினல் ஆக்கிவிடாது.

விலை இறங்குமா?

பெரும்பாலும் இறங்கும். வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தினால் ரோலெக்ஸின் ஐந்தாண்டு உத்தரவாதமும் போய்விடும்.

டயலுக்கு அவ்வளவு மதிப்பா என்றால், ஆம். நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. அவர் பெயராலேயே அழைக்கப்படும் அந்த வகை டயல் இருந்தால், சாதாரண டயல் கொண்ட அதே காலத்து டேடோனாவைவிட விலை பல மடங்கு. அதனால்தான் போலி 'பால் நியூமன்' டயல்களும் சந்தையில் உலவுகின்றன. வாங்குபவர் முதலில் உற்றுப் பார்ப்பதும் டயலைத்தான்.

ஆசை தீர விளையாட வேண்டுமா? சைக்கோவில் தொடங்குங்கள். பாகங்கள் மலிவு, கெட்டுப்போனாலும் மனம் ஆறிவிடும்.

ரோலெக்ஸ்தான் வேண்டும் என்றால், கழற்றிய டயலையும் முட்களையும் கடைக்காரரிடமிருந்து மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதை மாற்றினார் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் விற்கும்போது அந்த ரசீதையும் பழைய பாகங்களையும் சேர்த்தே கொடுங்கள்.