போர் பிரித்த இணையும் புதுச்சேரி வரலாற்று நாவலும்

போரால் பிரிந்த ஆண், பெண் கதை தமிழ் வரலாற்று நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பெரும்பாலும் குறிக்கப்படும் 'மோகனாங்கி'யைத் திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் வெளியிட்டார். தஞ்சை நாயக்கருக்கும் மதுரை நாயக்கருக்கும் மூண்ட பகைக்கு நடுவே சொக்கநாத நாயக்கரும் மோகனாங்கியும் கொண்ட காதல் அதன் பொருள். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் பல்லவ, சாளுக்கியப் போர் சிவகாமியை வாதாபிக்குக் கொண்டுபோகிறது. இந்த வரிசையில் பிரிவு என்பது சபதத்தாலோ விதியாலோ வருகிறது. வீரம் அதைத் தீர்க்கிறது அல்லது தோற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் களமாகக் கொண்ட நாவல் மரபு வேறு வழியில் வந்தது. அங்கே பிரிவு என்பது அடைக்கலம், பணயம், மீட்புத்தொகை ஆகிய மூன்றின் கணக்கு. இந்த மாற்றத்துக்கு நாவலாசிரியரின் கற்பனையைவிட அவருக்குக் கிடைத்த சான்றின் தன்மையே முதற்காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

களமான போர் ஆற்காட்டு நவாப் குடும்பத்துக்குள் எழுந்தது. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் இரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படையோடு மோதி நவாப் தோஸ்த் அலி மாண்டார். சில நாள்களில் அவருடைய விதவையும் குடும்பத்தாரும் யானை, ஒட்டகம், மாட்டுவண்டிகளோடு புதுச்சேரிக் கோட்டையின் வழுதாவூர் வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே விட்டால் மராட்டியர் பகை. மறுத்தால் நாளை நவாப் ஆகப்போகிறவரின் பகை. பிரெஞ்சு ஆளுநர் துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டிக் கலந்துவிட்டு வாசலைத் திறந்தார். தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அப்படித்தான் புதுச்சேரியில் தங்கினார்கள். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிப் சிறைப்பட்டுச் சாத்தாராவுக்குக் கொண்டுபோகப்பட்டார். மனைவியையும் மகனையும் ஒப்படைக்கும்படி இரகூஜி கேட்டார், துய்மா மறுத்தார். அடுத்த ஆண்டு புதிய ஆளுநராக வந்த துய்ப்ளேக்சும் அந்த அடைக்கலத்தைக் கைவிடவில்லை. கணவர் சாத்தாராவில், மனைவி புதுச்சேரியில் என்று ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்தன. 1748இல் மீட்புத்தொகைக்குத் துய்ப்ளேக்ஸ் பிணை நின்றார். அது 7 லட்சம் ரூபாய் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1749 ஆகஸ்டு 3இல் ஆம்பூரில் அப்போதைய நவாப் அன்வருதீன் கொல்லப்பட்ட பிறகு, வெற்றியாளராகப் புதுச்சேரிக்கு வந்த சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரருக்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் கிராமங்களை எழுதிக்கொடுத்தார். எண்பத்தொரு கிராமங்கள் என்பது வழக்கமான கணக்கு. குடும்பத்தைக் காத்ததற்கான நன்றியும் அந்தக் கொடையில் அடக்கம்.

இதை உள்நாட்டுப் போர் என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. பள்ளிப் பாடம் இதைக் கர்நாடகப் போர் என்று பெயரிட்டு, ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் போட்டியாகவே கற்பிக்கிறது. காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலியை 1742இல் வேலூரில் கொல்வித்தவர் அதே குடும்பத்து மருமகன் முர்தசா அலி. சப்தர் அலியின் சிறுவயது மகனும் 1744இல் ஆற்காட்டில் குத்துண்டு இறந்தான். ஐரோப்பியக் கம்பெனிகள் ஒன்றையொன்று இந்த மண்ணில் தாக்குவதற்கு முன்பே குடும்பம் தனக்குள் இரத்தம் சிந்திவிட்டது. அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. 1748 உடன்படிக்கையால் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானமாகிவிட்டன; இங்கே அவர்களுடைய படைகள் 1749 முதல் மோதிக்கொண்டது சந்தா சாகிபுக்கும் அன்வருதீனின் மகன் முகமது அலிக்கும் துணைப்படை என்ற பெயரில்தான். கம்பெனிகள் இப்போரால் கொழுத்தன என்பது உண்மை. ஆனால் பிறர் கொழுத்த போர் என்பதால் அது உறவினர் போராக இல்லாமல் போய்விடாது.

இனி சான்றுக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையிலுள்ள திருபுவனை, சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்விச்சாலைக்கு விடப்பட்ட ஏற்பாட்டைச் சொல்கிறது. அந்த ஆசிரியரில் ஒருவர் வீட்டுச் சண்டை பற்றி, ஒரு மாணவன் ஊரை விட்டுப் போனது பற்றிக் கல்லில் ஒரு சொல் இராது. கல்வெட்டின் வேலை அதுவல்ல. சோழர் கதை எழுதுகிறவர் மனித மனத்தை முழுக்கத் தாமே உண்டாக்க வேண்டியிருப்பது இதனால்தான். அதே வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டுக்கோ ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரிவரை, வணிகராகவும் பின்னர்த் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாகவும் (மொழிபெயர்ப்பாளர்) இருந்தவர் எழுதியது. கப்பல் வந்தது, துணிக்குப் பணம் வரவில்லை, ஆளுநர் கோபித்தார், இன்னார் வீட்டில் கலியாணம் என்று போர்ச் செய்தியும் புறணியும் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. 1846இல் கலுவா மொன்பிரேன் கண்டெடுத்த பின்னரே அது வெளியுலகுக்குத் தெரிந்தது. இந்தச் சான்றின் மேல்தான் பிரபஞ்சன் (1945–2018) 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களைக் கட்டினார். முன்னது துய்மா காலம், பின்னது துய்ப்ளேக்ஸ் காலம். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அரசர் வாள் வீசுவதை விட்டுவிட்டு, அரசர் செலவுக்கு யார் கடன் கொடுத்தார் என்று கேட்கும் வரலாற்று நாவல் தமிழில் இப்படித்தான் வேரூன்றியது. தமிழ்ப் புனைகதைக்கு இது பெரிய வரவு என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இரண்டு மறுப்புகள் எழும். சந்தா சாகிப் நாவலுக்கு ஏற்ற கணவன் அல்லன் என்பது ஒன்று. திருச்சி அரசி மீனாட்சியிடம் சத்தியம் செய்து கோட்டைக்குள் புகுந்து, அவர் ஆட்சியைப் பறித்தவர் அவர். பிறர் வீட்டைக் கலைத்தவருக்கு நம் இரக்கம் எதற்கு? ஆனால் இரக்கமும் தீர்ப்பும் ஒரே ஆளிடம் ஒருசேர விழும் இடம்தான் நாவலுக்குரிய இடம். மீனாட்சிக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டே சாத்தாராச் சிறையைப் படிக்கும் வாசகர், நாயகன், வில்லன் என்ற பழைய பிரிவினைக்குத் திரும்ப மாட்டார். அடுத்த மறுப்பு கனமானது. நாட்குறிப்பு ஆண் ஒருவர், அதிலும் ஆளுநர் மாளிகைக்கு வேண்டிய செல்வர் ஒருவர் எழுதியது. அந்தப்புரத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. உழுகிறவர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை. ஏழாண்டு காத்திருந்த அந்தப் பெண் என்ன நினைத்தார் என்பதை அவரிடம் கேட்க முடியாது. இதை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் நாட்குறிப்பு வெற்றிடத்தின் எல்லையைத் துல்லியமாக வரைந்து தருகிறது. எந்த ஆண்டு, எந்தத் தெரு, எந்த ஆளுநர், எந்த அச்சம் என்பது நிச்சயமான பிறகு புனைவு நிரப்ப வேண்டியது மனத்தை மட்டும்தான். கல்வெட்டை நம்பிய நாவலுக்கு இந்த வரம்பு கிடையாது. அதனால்தான் அது எளிதில் புராணமாகிவிடுகிறது.

இணையின் கதை 1752இல் முடிந்தது. அந்த ஜூனில் திருவரங்கத்தில் முற்றுகைக்குள் சிக்கிய சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானாஜியின் வாக்கை நம்பிச் சரணடைந்து தலை இழந்தார். மூன்று மாதம் கழியுமுன், செப்டம்பரில், அவர் கொடையாகக் கொடுத்த பாகூர் நிலத்திலேயே ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சின் படை பிரெஞ்சுப் படையைத் துப்பாக்கி முனை ஈட்டிகளால் முறித்தது. பிரெஞ்சுத் தளபதி கெர்ழான் சிறைப்பட்டார். விளைநிலத்தில் நடந்த போர் அது. அதற்கு முன்னும் பின்னும் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் போய்வந்த படைகள் இந்த ஊர்களின் ஏரிக்கரைகளை ஒட்டியே நடந்தன, ஊர்களின் தவசத்தையே தின்றன. படை வருகிறது என்றால் ஊர் காலியாவது அக்காலத்து நடைமுறை. ஓடியவர்களில் எத்தனையோ இணைகள் பிரிந்திருக்க வேண்டும். கிராமங்களோ கைமாறிக் கைமாறிப் பிரெஞ்சு ஆட்சியில் நின்று, 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு சேர்ந்தன. புதுச்சேரியிலிருந்து திருபுவனை வழியாக விழுப்புரம் நோக்கிப் போகிற பேருந்து இன்றும் புதுச்சேரி, தமிழ்நாடு என்று மாறிமாறி எல்லை தாண்டுவதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் அந்தக் கிராமக் கொடைகளும் ஒரு காரணம்.