நூலும் சங்கிலியும்

மலைக்கோயில் ஒன்றுக்குப் போவதென்று தீர்மானித்த அன்று, பழைய நிலப்படம் ஒன்றை மேஜைமேல் விரித்தேன். மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரைந்த படம். பாதையின் நெளிவுகளோடு ஒரு நூலை ஒட்டி வைத்து, எடுத்து அளந்தேன். 2 அங்குலம். இரண்டே மைல்! "மத்தியானச் சாப்பாட்டுக்குப் பசியோடு வருகிறேன்" என்று வீட்டில் பெருமை பேசிவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் புத்தி வந்தது.

படம் பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியைப் படித்திருந்தேன். அந்தப் பாதை 20 சம உயரக் கோடுகளைக் கடக்கிறது. கோட்டுக்குக் கோடு 100 அடி. 10,560 அடி நடைக்குள் 2,000 அடி ஏற்றம். ஏறக்குறைய ஐந்தடிக்கு ஓரடி! சரிவினால் கூடும் தூரம் 200 அடிகூட இல்லை, கூடுவதெல்லாம் மூச்சுதான். நிலப்படத்தில் நூல் அளப்பது கிடைத்தூரம் மட்டுமே. மேட்டைக் கோடுகளை எண்ணித்தான் அறிய வேண்டும்.

இந்தக் கிடைத்தூரத்துக்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் அது நீளுமே என்று மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். நிலம் சரிந்த இடத்தில் சரிவின் கோணத்தைக் கண்டு, கிடைத்தூரமாகக் கணக்கிட்டார்கள். ஏழரை மைலுக்கு 57 நாட்கள்! அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் பின்னல் படர்ந்தது.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விபத்து. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராயிருந்தால் தலையில் கை வைத்திருப்பார். லாம்டன் ஆறு வாரம் தனியே அடைந்து கிடந்து, வளைந்த வட்டத்தை இம்மி இம்மியாக நிமிர்த்தினார். 1823-இல் ஹிங்கன்காட்டில் அவர் உயிர் பிரிந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை.

அவர் பெயராவது நிற்கிறது. கொடி பிடித்தவர்கள், சுமை தூக்கியவர்கள், காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்கள்? படத்தின் எந்த மூலையிலும் அவர்கள் பெயர் இல்லை.

இப்போதும் அந்தப் படத்தை விரித்து நூல் வைக்கிறேன். ஆனால் முன்போல் அலட்சியமாக வைக்க விரல் துணிவதில்லை.