ஊர்ப் பெயரும் அரசுப் பதிவேடும்



ஏற்காட்டை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் 'ஒய்' போட்டுத் தொடங்கி, நடுவில் 'சி, ஏ, யு' சேர்த்து, 'டி' போட்டு முடிப்போம். தமிழ் தெரியாத ஒருவர் அதைக் கூட்டிப் படித்தால் 'யெர்காட்' என்பார். அதில் ஏரியும் காடும் இருப்பது அவருக்குத் தெரியாது. சேர்வராயன் மலை 'ஷெவராய்' ஆனதும் இப்படித்தான். இந்த எழுத்துகளை யார் முடிவு செய்தார்கள்? இன்று நாம் கேட்டுப் பெறும் அரசுத் தகவலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1869-இல் வைஸ்ராய் மேயோ பிரபு, இந்தியா முழுவதற்கும் ஊர் விவரத் தொகுப்பு ஒன்றுக்குத் திட்டம் தயாரிக்கும்படி வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரியிடம் சொன்னார். மாகாணந்தோறும் பலர் எழுதி அனுப்பும் குறிப்புகளை அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வோர் அதிகாரியும் தன் காதில் விழுந்தபடி ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஊர் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் தொகுப்பு எப்படிச் சரியாக இருக்கும்?

ஹண்டர் இரண்டு விதிகள் வைத்தார். ஒன்று, நம் மொழியின் ஒவ்வோர் ஒலிக்கும் ஆங்கிலத்தில் இன்ன எழுத்துதான் என்று நிலையாக வைத்துக்கொள்வது. இரண்டு, நெடுநாளாகப் பழகிப்போன பெயர்களை அப்படியே விட்டுவிடுவது. இந்த முறையில் 1881-இல் ஒன்பது தொகுதிகள் வெளிவந்தன. இரண்டாம் விதியால்தான் தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆகவும், திருச்சி 'டிரிச்சினாபொலி' ஆகவும் தொடர்ந்தன. நம் 'யெர்காட்'டும் 'ஷெவராய்'யும் அப்படியே அச்சில் நின்றன.

முதல் விதியிலும் தமிழுக்கு ஒரு குறை இருந்தது. அது வடமொழி, இந்தி போன்றவற்றை மனத்தில் வைத்துச் செய்த முறை. அங்கே 'ஏ' உண்டு, குறில் 'எ' தனி எழுத்தாக இல்லை. நமக்கோ 'எ' வேறு, 'ஏ' வேறு. இரண்டுக்கும் ஒரே ஆங்கில எழுத்துதான் கிடைத்தது.

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி 2020-இல் நடந்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டது. ஜூன் மாதம் பட்டியல் வெளியே வந்ததும் ஒரே சலசலப்பு. வேலூரின் நெடில் 'ஏ'யைக் காட்ட இரண்டு 'ஈ' போட்டிருந்தார்கள். படித்தவர்கள் 'வீலூர்' என்றார்கள். கோயம்புத்தூர் வாய்க்குள் அடங்காத நீளத்துக்குப் போனது. அந்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கத்தில் தவறில்லை. ஆனால் படிக்கப் போகிறவர் அதை எப்படிப் படிப்பார் என்று முன்கூட்டிச் சோதித்துப் பார்த்திருக்கலாம்.

உச்சரிப்பும் ஊர்ப் பெருமையும் முக்கியம்தான். ஆனாலும் பதிவேட்டில் பெயர் இருப்பது முதலில் தேடி எடுப்பதற்காக. வங்கியில் பேரேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே கணக்குக்கு இரண்டு தலைப்பு இருந்தால் இரண்டிலும் இருப்பு தவறாகவே காட்டும். கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஊர்தான். ஆவணம் பூட்டில்லாமல் திறந்து கிடந்தாலும், தேடுகிறவர் கண்ணில் படாவிட்டால் அது மறைத்து வைத்ததற்குச் சமம்.

தகவல் உரிமைக்கு மாநில அளவில் முதலில் சட்டம் செய்தது தமிழ்நாடு, 1997-இல். பிறகு வந்த 2005 மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்கிறது. அட்டவணை என்றாலே பெயர் ஒழுங்கு வேண்டும்.

இதற்கு வழி எண்தான். வங்கிக் கிளைகளுக்கு 11 எழுத்துள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இருப்பதுபோல, மத்திய ஊராட்சித் துறையின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் உண்டு. பெயரின் எழுத்து மாறினாலும் எண் மாறாது. அதே சமயம் பழைய பெயரை அழித்துவிடவும் கூடாது. 1996-இல் மெட்ராஸ் சென்னை ஆனது. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ்தான். விமான நிலையக் குறியீடு இன்றும் 'எம்.ஏ.ஏ.'தான். பழைய பெயர் தெரியாதவர் பழைய ஆவணத்தை எப்படித் தேடுவார்?

ஆகவே தகவல் கேட்டு மனு எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குப் பொதுவாக 30 நாள் கெடு. கிராமத்தின் பெயரைப் பட்டாவில் உள்ளபடியே எழுதுங்கள். ஆங்கில எழுத்து இரண்டு விதமாக வழங்கினால் இரண்டையும் குறிப்பிடுங்கள். வட்டம், புல எண், உட்பிரிவு எண் மூன்றையும் விடாமல் சேருங்கள். பெயரில் குழப்பம் வந்தாலும் எண் காப்பாற்றும்.

நம் சங்கப் பதிவேட்டிலும் இதே முறை வரட்டும். கிரயப் பத்திரத்தில் உள்ளபடி உரிமையாளர் பெயர், தலைப்பெழுத்து, கதவு எண் ஆகியவற்றை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். வீடு கைமாறினால் பழைய பெயரை அடிக்காமல், அதன் கீழே புதியதை எழுதுவோம். நாளை நம் பிள்ளைகள் தேடும்போது கிடைக்க வேண்டும் அல்லவா?